கன்று வீசும் கொட்டகை

விடிய இன்னும் அரை மணி இருக்கும்போதே நெட்டச்சி ஒன்பது மாடு கறந்துவிட்டாள். பத்தாவது மடியைப் பிடித்தபோது வீங்கிய விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முழங்கால்களுக்கு நடுவே வாளி, காலடியில் சாணி ஈரம், முகத்தில் ஓயாமல் அடிக்கும் வால். பக்கத்தில் அவள் தங்கை உட்கார்ந்து கறக்கிற இடம் பதினெட்டு நாளாகக் காலி.

அந்தப் பண்ணையில் ஆறு மாதமாகச் சினைமாடுகள் மாதம் நிறையாமலே கன்று வீசிக்கொண்டிருந்தன. ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ, செத்த கன்று பாதி வெளியே தொங்கும். வெறுங்கையை முழங்கை வரை உள்ளே விட்டு அதை இழுத்துப் போடுவது கறவைக்காரிகள் வேலை. நஞ்சுக்கொடியையும் அவர்களே வாரிக் குழியில் கொட்டினார்கள். வெயில் சூடு என்றார் முதலாளி. பிறகு தீவனக் கோளாறு என்றார். தங்கைக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் ஏறியது. விடிந்தால் சேலையைப் பிழிகிற அளவு வியர்த்தது. கடைசியில் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. டிமிக்கி கொடுக்கிறாள் என்று மேஸ்திரி எல்லார் முன்னும் சொன்னான்.

நேற்றுத்தான் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தங்கையின் ரத்தம் பார்த்துவிட்டுச் சொன்னார்: மாட்டிடமிருந்து தொற்றிய நோய். கன்று வீசுகிற மாட்டில் கை வைத்தால் வரும், அதன் பாலைக் காய்ச்சாமல் குடித்தாலும் வரும். மாடுகளுக்கு ரத்தம் எடுத்தார்களா என்று கேட்டார். ஐந்து மாதம் முன்பே எடுத்தார்கள். எடுத்த மாட்டு டாக்டர் தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டுதான் கொட்டகைக்குள் கால் வைத்தார். அந்த வாரத்திலிருந்துதான் முதலாளி வீட்டுக்கு வெளியிலிருந்து பால் பாக்கெட் வருகிறது. நெட்டச்சி வந்ததும் வராததுமாகக் கறவைக்காரிகள் தங்கும் பண்ணை அறைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னாள். மற்ற பத்துப் பேரும் கேட்டுக்கொண்டார்கள். மூத்த கறவைக்காரி கதவையே சாத்திவிட்டாள்.

பொழுது புலர்ந்ததும் கோடியில் கட்டியிருந்த செவலைப் பசு முக்க ஆரம்பித்தது. நாற்றமடிக்கும் நீர் வழிந்து, சின்னக் குளம்பு இரண்டு தெரிந்தது. அப்போது முதலாளியின் கார் வந்து நின்றது. தங்கையின் இடத்துக்குப் புதிதாக ஒருத்தியை அழைத்து வந்திருந்தார். மத்தியானத்துக்குள் தங்கையின் அறை காலியாக வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுச் செவலையைப் பார்த்தார்.

“என்ன வேடிக்கை? கைய விட்டு எடு.”

நெட்டச்சி வாளியைக் கீழே வைத்தாள். “எல்லாருக்கும் கிளவுஸ் குடுங்க முதலாளி. ரத்தம் பாருங்க. அப்புறம் எடுக்கிறேன்.”

“இத்தனை நாளும் வெறுங்கையில தானே எடுத்தே? இப்ப மட்டும் கை பூவாயிடுச்சா?”

“நோயின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். எங்களுக்கு நேத்துதான் தெரிஞ்சுது.”

“சூட்டுல விழுற கன்னுடி அது.”

“அப்ப நீங்களே எடுங்க. கை கழுவத் தண்ணி இருக்கு.”

அவர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனார். பத்துப் பேரும் அதைப் பார்த்தார்கள்.

செவலை அடித்தொண்டையில் கத்தியது. பிறந்த அன்றே தாயை விட்டுப் பிரித்த அதைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நெட்டச்சிதான். கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

முதலாளி புதியவளிடம் திரும்பினார். இப்போதே கன்றை எடுத்தால் இப்போதே அறை என்றார். அவள் சேலையை இழுத்துச் செருகி இரண்டடி வைத்தாள். நெட்டச்சி தடுக்கவில்லை.

“முன்ன இருந்தவங்க எங்கக்கா?” என்று புதியவளே கேட்டாள்.

நெட்டச்சி அறைகளின் பக்கம் கைகாட்டினாள். தங்கை கதவு நிலையைப் பற்றிக்கொண்டு, இடுப்பு வளைந்து நின்றாள். வயது இருபத்தாறு.

புதியவள் அவளைப் பார்த்தாள். பிறகு செருகிய சேலையைத் தளர்த்திவிட்டாள். “மாட்டு டாக்டரக் கூப்பிடுங்கய்யா,” என்றாள், தரையைப் பார்த்தபடி.

எல்லாரையும் இன்றே துரத்துகிறேன் என்று கத்திவிட்டு முதலாளி காருக்குள் போய் ஆட்களுக்குப் போன் போட்டார். டாக்டருக்குப் போடவில்லை. செவலை கால் மடங்கிச் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் கத்தல் நின்றது. மூத்த கறவைக்காரி மூக்கைச் சிந்திவிட்டு, அன்று கறந்த தன் வாளியைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். அடுத்தவள் கவிழ்த்தாள். பத்து வாளியும் கவிழ்ந்தன.

மத்தியானம் மேஸ்திரி நான்கு ஆட்களோடு அறையைக் காலி செய்ய வந்தபோது, வாசலை அடைத்துப் பதின்மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தங்கை புதியவளின் தோளில் சாய்ந்திருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் ஏறத் தொடங்கியிருந்தது.

“எந்திரிங்க,” என்றான் மேஸ்திரி.

மூத்த கறவைக்காரி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். “எங்களைத் தாண்டிப் போ பார்ப்போம்.”