வால் பக்கத்து முள்

மெஷினை நிறுத்தப் போனவள் சுவிட்சில் விரலை வைத்தபடியே நின்றுவிட்டாள். அப்பா போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டர் வந்து பார்த்து, காகிதத்தில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயாயிற்று. மூக்கிலிருந்த குழாயைக் கழற்றிச் சுருட்டி வைத்தாயிற்று. ஆக்சிஜன் மெஷின் மட்டும் தனக்குச் சேதி வரவில்லை என்பதுபோல் கட்டில் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மாட்டிய பாட்டிலுக்குள் தண்ணீர் களகளவென்று கொப்பளித்தது.

"அதை நிறுத்தேன்டி" என்றாள் அம்மா. "தலைக்குள்ள ஓடுற மாதிரி இருக்கு."

நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனாள், சமையலறைக்குப் போனாள், கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மடித்தாள், மடித்ததை உதறித் திரும்பவும் கொடியில் போட்டாள். அவள் கணவன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அவன் யாருக்கோ போன் பேசத் திரும்பியதும் எழுந்துவிட்டாள்.

காரணம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அப்பா எல்லோர் காதிலும் விழும்படி ஒன்று சொல்லியிருந்தார். "அவன் வராம என்னை எடுக்காதீங்க."

அவன் என்றால் அவர் தம்பி. அவளுடைய சித்தப்பா. நான்கு தெரு தள்ளித்தான் வீடு. நடந்தால் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தை ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் நடக்கவில்லை.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் ஒரே படகில் வஞ்சிரம் பிடித்தவர்கள் அவர்கள். அப்பாவுக்குப் பொய் இரைதான் எல்லாம். கரண்டி, தகரம், உடைந்த டிபன் பாக்ஸ் மூடி என்று கையில் கிடைத்ததை வெட்டி, அரத்தால் ராவி, வளைத்து, தூண்டில் முள் கட்டித் தண்ணீரில் மீன்போலத் துள்ள வைப்பார். கடற்கரையில் அவர் பெயரே 'தகரம்'. சித்தப்பாவுக்கு உயிர் மத்தி. விடியற்காலையில் சின்ன வலையில் பிடித்த மத்திகளைத் தொட்டியில் விட்டு, பேட்டரி மோட்டாரில் காற்றுக் குமிழி விட்டு உயிரோடு வைத்திருப்பார். அவர் பெயர் 'மத்தி'. வீட்டில் கரண்டி தங்காத கோபத்தில் அம்மா, மத்தியைக் கட்டியிருக்கலாம் போலிருக்கிறது என்று கொழுந்தன் எதிரிலேயே சொல்லுவாள். மூன்று பேரும் சிரிப்பார்கள்.

வஞ்சிரம் பிகு பிடித்த மீன். பசித்தாலும் பசித்ததாகக் காட்டிக்கொள்ளாது. இரையின் பின்னாலேயே நூறு அடி வரும், மூக்கு உரசுகிற தூரத்தில் ஒரு திரும்பு திரும்பிப் போய்விடும். கம்பி கட்டினால் கம்பியைப் பார்த்துவிடும். கம்பி வேண்டாமென்று வெறும் நைலான் நரம்பைக் கட்டினால் பல்லால் அறுத்துக்கொண்டு போகும். கடித்தாலும் நேராக வாயில் போட்டுக்கொள்ளாது, முதலில் இரையின் வாலைத்தான் துண்டிக்கும். அதனால் இரையின் மூக்கில் ஒரு முள், வால் பக்கம் இன்னொரு முள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒத்துப் போனார்கள்.

மீன் சுத்தமாகக் கடிக்காத ஒரு வாரத்தில், நடுப்பகலில் சித்தப்பா படகில் கண்ணயர்ந்தார். எழுந்து பார்த்தபோது தொட்டியில் நாற்பது மத்தியும் வயிறு மேலே தெரிய மிதந்தன. மோட்டார் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து வஞ்சிரக் கூட்டம் படகைச் சுற்றி வந்தது. அப்பா மாற்றி மாற்றி எறிந்த எந்தத் தகரத்தையும் அது சீண்டவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார் அப்பா. சித்தப்பா சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். செத்த மத்திகளைக் கடலில் கொட்டினார். கரை வந்ததும் தன் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனவர்தான்.

காலை எட்டு மணிக்கு அவள் கணவனை அனுப்பினாள்.

"என்ன சொன்னார்?"

"வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. காபி குடிக்கிறீங்களா மாப்பிள்ளைன்னார்."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன். வேணாம்னா கோச்சுப்பாரோன்னு…"

பத்து மணிக்கு அவளே போன் செய்தாள். கூடப் பிறந்தவருக்கு நீங்கள் வராமல் எப்படி, நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்றெல்லாம் பேசினாள்.

"நாலு பேர் என் வீட்டுப் பக்கமே வர்றதில்லையேம்மா" என்றார் சித்தப்பா.

"எனக்காக வாங்க சித்தப்பா."

 சித்தப்பா போனை வைத்துவிட்டார்.

"கழுவுற மீன்ல நழுவுற மீன்" என்றாள் அம்மா. அழுது வீங்கிய முகத்திலும் அவளுக்குக் கோபத்துக்கு இடம் இருந்தது. "தானாடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. அந்த மனுசனுக்குச் சதையே இல்லை போல."

பன்னிரண்டு மணிக்கு அவள் அப்பாவின் இரைப் பெட்டியை எடுத்துக் கணவன் கையில் கொடுத்து அனுப்பினாள். கரண்டித் தகடுகள், சிவப்பும் வெள்ளையுமாக பிளாஸ்டிக் மீன்கள், ரப்பர் கணவாய்கள். இருபது வருஷத்து வேலை. உங்களுக்குத்தான் என்று சொல்லச் சொன்னாள்.

பெட்டி திரும்பி வந்தது.

"ஒண்ணு விடாம எடுத்துப் பார்த்தார்" என்றான் கணவன். "கையில தூக்கி எடை பார்த்தார். வெயில்ல திருப்பிப் பார்த்தார். எனக்கு நம்பிக்கையே வந்திருச்சு. அப்புறம் எல்லாத்தையும் இருந்த மாதிரியே அடுக்கி வச்சு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டார்."

பெட்டியில் ஒன்று மட்டும் குறைவு. அது அவள் கைப்பையில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு அவள் மருந்து புகட்டிய சின்னக் கரண்டியை அப்பா பிடுங்கி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, "நல்ல வளைவு, இதைப் போய் மருந்துக்கு வச்சிருக்கீங்களே" என்றார். மூக்கில் குழாயோடு, ஐந்து நிமிடம் ராவினால் அரை மணி நேரம் சாய்ந்துகொண்டு, நான்கு நாளில் முடித்தார். காம்பை வெட்டியதும் ஓட்டை போட்டதும் அவள். மூக்கில் ஒன்று, வாலில் ஒன்று என்று இரண்டு முள் கட்டியது அவர். கரண்டியைக் காணோம் என்று அம்மா இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

அதைக் கையில் கொடுத்த அன்று, அறையில் வேறு யாரும் இல்லாதபோது, அப்பா இன்னொன்றும் சொன்னார். பாட்டிலில் கொப்பளிக்கும் தண்ணீரைக் கண்ணால் காட்டினார்.

"அந்த மோட்டாரை நான்தான் நிறுத்தினேன். அந்தச் சத்தத்துக்குத்தான் மீன் வரலைன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம்தானேன்னு நிறுத்தி, மறந்துட்டேன். அவன் வந்தா சொல்லு."

"போன்லயே சொல்லிடறேன்ப்பா. உடனே வந்துருவார்."

"வந்தா சொல்லு. வர வைக்கிறதுக்குச் சொல்லாதே." மூச்சு வாங்கியது. "அதை இரையாக்காதே."

இப்போது மணி ஒன்றரை. நான்கு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. வாசலில் வண்டி வந்து நின்றாயிற்று. உள்ளே ஐஸ் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். எதிர்வீட்டு டெய்லர், "தம்பிக்காரர் வருவாரா மாட்டாரா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"நீயே போ" என்றாள் அம்மா. "கால்ல விழு. அவர் கேட்டது அது ஒண்ணுதான். அதைக்கூடச் செய்யலன்னா நான் எப்படித் தூங்குவேன்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வழி நெடுக ஒரே எண்ணம்தான். சொல்லிவிடலாம். 'அப்பாதான் நிறுத்தினாராம் சித்தப்பா' என்று ஒரே வரி. உயிரோடு துள்ளுகிற இரை, மறுக்க முடியாது. அப்பாவுக்குத் தெரியவா போகிறது? அப்பாவின் ஆசையும் நிறைவேறும். ஒரு வார்த்தையை மீறி இன்னொரு வார்த்தையைக் காப்பாற்றினால் என்ன குடி முழுகிப்போகும்?

சித்தப்பாவின் தெரு முனை திரும்பியதும் நின்றுவிட்டாள்.

அவர் வாசலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. இஸ்திரி மடிப்பு இங்கிருந்தே தெரிந்தது. தலை வாரியிருந்தார். காலில் செருப்பு இருந்தது. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, எழுந்திருக்கப் போகிறவர்போல முன்னால் சாய்ந்து, அப்படியே இருந்தார். எழுந்திருக்கவில்லை. அந்தக் கோலத்தில் எத்தனை மணி நேரமாக இருக்கிறாரோ. அவளுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கூடவே வேறொன்றும் புரிந்தது. மீன் பின்னாலேயேதான் வந்துகொண்டிருக்கிறது.

அவள் சிறுமியாகப் படகில் போன நாட்களில் அப்பா சொல்லுவார்: "வெயில் நாள்ல வெள்ளி இரை, மப்பு நாள்ல சிவப்பு. ரெண்டுக்கும் கடிக்கலன்னா தப்பு இரைல இல்ல, இழுக்கிறவன்கிட்ட. வந்து வந்து திரும்புதுன்னா நிறுத்தி நிறுத்திக் காட்டாதே. பிடுங்கிட்டு ஓடு. கைய விட்டுப் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு ரோஷம் வரும்."

சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள். பாதி வழியில் போனை எடுத்தாள்.

"சித்தப்பா, நீங்க வர வேணாம். இப்பவே எடுக்கிறோம்."

"நாலு மணின்னு மாப்பிள்ளை—"

"இல்ல. இப்பவே." வைத்துவிட்டாள். 

வீட்டில் அம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "என்னடி சொல்றே? அவர் வாயைத் தொறந்து கேட்டதை மீறுறதுக்கு நீ யாரு?"

"அம்மா, ஒரு தடவை என்னை நம்பு."

"வரலைன்னா?"

 வரவில்லை என்றால் அப்பாவின் கடைசிப் பேச்சைக் குப்பையில் போட்டவள் என்ற பெயர் அவளுக்குத்தான். அம்மா அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். ஆயுசுக்கும் பார்வையில் வைத்திருப்பாள்.

வண்டியில் ஏற்றினார்கள். சித்தப்பா வீட்டு வழியாகப் போனால் ஒருவேளை, என்று கணவன் இழுத்தான்.

"வேணாம். அந்தத் தெருவே வேணாம். மருந்துக் கடை வழியா நேரா போகச் சொல்லுங்க. மீன் கூட்டத்து மேலயே படகை விடக் கூடாது."

அவன் ஒன்றும் புரியாமல் டிரைவரிடம் போனான்.

வண்டி மெல்ல நகர்ந்தது. பின்னால் முப்பது நாற்பது பேர் நடந்தார்கள். மகள் முன்னால் வர வேண்டும், அம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று யாரோ கூப்பிட்டார்கள். அம்மாவின் கையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு அவள் பின்வாங்கினாள். டெய்லரும் அவளைக் கடந்து போனார். கடைசி ஆளுக்கும் பின்னால் பத்தடி விட்டு, தனியாக நடந்தாள்.

மருந்துக் கடை வந்தது. அங்கேதான் சித்தப்பா வீட்டுப் பக்கத்துத் தெருக்கள் வந்து சேரும். யாரும் இல்லை. ஒரு சைக்கிள், ஒரு நாய். தாண்டிவிட்டார்கள். பெட்ரோல் பங்க் வந்தது. அதையும் தாண்டினார்கள். முன்னால் அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.  தப்புக் கணக்குப் போட்டுவிட்டோம், மனிதரை மீன் என்று நினைத்துவிட்டோம். திரும்பி ஓடிப்போய்க் காலில் விழுந்தால் இன்னும் நேரம் இருக்கிறதா?

அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வேகமாக, வயதுக்கு மீறிய வேகமாக வந்தது. நெருங்கியதும் மெதுவாயிற்று. அவளுக்கு ஐந்தாறு அடி பின்னால் அவளுடைய நடை வேகத்துக்கே வந்தது.

அவள் திரும்பவில்லை. கடித்ததும் இழுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். இருபதுவரை எண்ணினாள். நடையை மட்டும் கொஞ்சம் தளர்த்தினாள். வெள்ளைச் சட்டைக் கை ஒன்று பக்கத்தில் வந்தது. வேர்வையில் இஸ்திரி கலைந்திருந்தது.

"நாலு மணின்னு சொல்லிட்டு" என்றார் சித்தப்பா. மூச்சு இரைத்தது. "இப்படியா இழுத்துக்கிட்டு ஓடுவீங்க?"

 கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"கடைசில என்ன சாப்பிட்டார்?"

"மருந்துதான். அதுவும் பாதி. கரண்டிய ரெண்டு வாரம் முன்னாடியே பிடுங்கிக்கிட்டார்."

கைப்பையைத் திறந்து அதை எடுத்தாள். இரண்டு முள்ளிலும் குத்தியிருந்த தக்கைகளைக் கழற்றிவிட்டு நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். நடந்தபடியே உள்ளங்கையில் எடை பார்த்தார்.

"சித்தப்பா, அப்பா ஒண்ணு சொல்லச் சொன்னார். நீங்க வந்தாத்தான் சொல்லணும்னார்." குரல் உடையாமல் இருக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த மோட்டாரை அவர்தான் நிறுத்தினாராம். மீனுக்குச் சத்தம் கேட்குதுன்னு. நிறுத்திட்டு மறந்துட்டாராம்."

 முன்னால் வண்டி மயானத்துப் பக்கம் திரும்பியது. சித்தப்பா கரண்டியைப் புரட்டி, வால் பக்கத்து முள்ளைப் பிடித்து, அதன் முனையைத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்தார். கூர் மழுங்கிய முள்ளாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

அது நகத்தில் பிடித்து நின்றது. அவர் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.