சூலேயின் மாடுகள் போன பிறகு

தெக்லா ஓடைக்குள் ஒரு காலை வைத்துவிட்டாள். எங்கள் மலையில் ஜூலைதான் கடுங்குளிர்; தண்ணீர் கணுக்காலில் சுருக்கென்று ஏறியது.

"அங்கேயே நில்லு!" எதிர்மேட்டிலிருந்து அண்ணன் லோஹாய் கத்தினான். "இன்னொரு அடி வச்சா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். அப்பா எப்படி இருக்காரு, அதைச் சொல்லு."

"மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. பொழுது சாயறவரைக்கும் தாங்காதுன்னு சூலே பெரியப்பா சொல்றாரு."

"அப்போ நான் வரேன்."

விவரம் தெரியாமல் பேசுகிறவள் இல்லை அவள். புருஷன் காய்ச்சலில் போய் ஐந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் வீடு தீட்டு வீடு. ஒரு வருஷம் முடிகிறவரை அவள் யார் வாசலையும் மிதிக்கக் கூடாது. அவள் கையிலிருந்து யாரும் எதையும் வாங்கக் கூடாது, அவளைத் தொடவும் கூடாது. அவளுடைய ஒற்றைப் பசு ஊர் மந்தையோடு சேரக் கூடாது. தண்ணீர்கூட எல்லோரும் மொண்டு போன பிறகு, ஓடையின் கீழ்ப்பக்கம்தான். மீறினால் அவள் மிதித்த வீட்டையும் தீட்டு பிடித்துக்கொள்ளும். அங்கே உட்கார்ந்திருக்கிற ஊர் அப்படியே எழுந்து போய்விடும். இத்தனை நாளில் அவள் எதையும் மீறியதில்லை, முணுமுணுத்ததும் இல்லை. இன்றைக்குத்தான் முடியவில்லை.

இந்த ஐந்து மாதமும் காலையில் எதிர்க்கரைக்கு வந்து உட்கார்ந்து, "பசு எவ்வளவு கறந்துச்சு?" என்று தொண்டை கிழியக் கேட்டவர் அப்பா துலுவாய் ஒருவர்தான். பத்து நாளாக அந்தக் குரல் இல்லை.

"தெக்லா, நான் சொல்றதைக் கேளு." லோஹாய் சரிவில் பாதி தூரம் இறங்கி வந்தான். அதற்கு மேல் வரவில்லை. "அப்பா இன்னும் சாகல. நீ உள்ளே வந்தா இந்த வீடு இப்பவே சாவு வீடு ஆயிடும். உசுரோட இருக்கிற மனுஷனுக்குச் சாவுத் தீட்டு பூசணுமா?"

அது அவளுக்கு உறைத்தது. கால் மரத்துப்போயிற்று. ஆனாலும் அவள் அதைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

அப்போது அம்மா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். அம்மா புருங்கே இனத்துப் பெண். கோண்டோவா ஊருக்கு அப்பால் சூடான கீழ்நாட்டிலிருந்து எங்கள் குளிர் மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் பேச்சுக்கு அவள் பேச்சு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி. முப்பது வருஷமாக அதைக் கேட்டுச் சிரிக்காத பெண் இந்தப் பக்கத்தில் இல்லை. அதே சமயம் வந்த இடத்து வழக்கத்தை அவளைப் போல் காப்பாற்றியவளும் இந்தப் பக்கத்தில் இல்லை.

முற்றத்தில் ஆறு ஆண்கள் போர்வைக்குள் குந்தியிருந்தார்கள். அம்மா நேரே சூலேயிடம் போனாள். சூலேயின் மூன்று மாடுகள் துலுவாயின் தொழுவத்தில் வளர்ந்தன. எங்களில் யாருடைய மாடும் மொத்தமாக அவரவர் தொழுவத்தில் நிற்பதில்லை, பாதி சிநேகிதன் வீட்டில்தான் இருக்கும்.

"உங்க மாட்டைப் பிரிச்சு ஓட்டிக்கிட்டுப் போங்க. மத்தவங்களும் கிளம்புங்க."

சூலே நிமிர்ந்து பார்த்தார். "மூச்சு இன்னும் நிக்கல. அதுக்குள்ள கோண்டோவாக்காரிக்கு என்ன அவசரம்?"

"எனக்கில்ல, அவருக்கு. அவரைக் கேட்டுட்டுத்தான் வரேன்."

"என்ன சொன்னாரு?"

"சூலே மாடு தீட்டுல மாட்டிக்கக் கூடாது, முதல்ல அதை அனுப்பு, அப்புறம் பிள்ளையை வரச் சொல்லுன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. நாளைக்கு நானும் தீட்டுக்காரிதானே, ஒரு நாள் முன்னே வந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

மற்றவர்கள் போர்வையை உதறி எழுந்து கிளம்பினார்கள். சூலே எழுந்து வீட்டு நிலைப்படியில் உள்ளங்கையை வைத்து, உள்ளே எட்டிப் பார்க்காமல் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்த் தன் மாடுகளைப் பிரித்தார். லோஹாயின் மனைவி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"நீயும் உன் மாடுகளை ஓட்டிக்கிட்டு அவகூடப் போ," என்றாள் அம்மா மகனிடம். அவன் மாடுகளின் பின்னால் மேடேறிப் போனான்.

கடைசி மாடு மறைகிறவரை காத்திருந்து, தெக்லா ஓடையைத் தாண்டினாள்.

உள்ளே புகையும் சாண வாசனையும் நிறைந்திருந்தது. தோல் விரிப்பில் அப்பா பாதியாக இளைத்துக் கிடந்தார். அவள் அருகே உட்கார்ந்தாள். தொடலாமா என்று கை தயங்கியது. அவரே தடவிப் பிடித்துக்கொண்டார்.

"சூலே மாடு?"

"போயிடுச்சுப்பா."

"நல்லது," என்றார். அப்புறம், "கை ஏன் இப்படி சில்லுனு இருக்கு? நெருப்புகிட்ட வா."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதாள். ஐந்து மாதத்து அழுகையும் அதில் இருந்தது. மதியம் அவர் இரண்டு வாய் பால் குடித்தார். கையை விடவில்லை. வெயில் வாசலைவிட்டு நகரும் நேரத்தில் மூச்சு நின்றது. அம்மா அவர் கண்ணை மூடிவிட்டு, "போய்ட்டாரு," என்றாள், அவர் சந்தைக்குப் போனதைச் சொல்வது போல. முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

குழி வெட்ட ஊர் வராது. தெக்லா மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் பின்னால் போனாள். பெண்கள் குழி வெட்டி அவள் பார்த்ததில்லை. மேல்மண் சுலபமாக வந்தது, அதற்குக் கீழே சிவப்பு மண் கல்லாக இறுகிக் கிடந்தது. உள்ளங்கை கொப்பளித்தும் நிறுத்தவில்லை. இருட்டுவதற்குள் அப்பாவைப் படுக்க வைத்தாக வேண்டும். முழங்கால் ஆழம் வந்தபோது, இன்னொரு மண்வெட்டி பக்கத்தில் இறங்கியது.

லோஹாய். மூச்சு வாங்க நின்றான்.

"நீ போகலையா?"

"மாட்டையும் பிள்ளைங்களையும் விட்டுட்டு வரேன்."

"ஒரு வருஷம், அண்ணே. விதைப்புக்கு ஒருத்தன் வரமாட்டான்."

"மூணு பேர் இருக்கோம்ல," என்றான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினான். கொஞ்ச நேரம் வெட்டிய பிறகு, "குழி கோணலா இருக்கு," என்றான்.

"நீ வெட்டின பக்கம்தான் கோணல்."

மூக்கை உறிஞ்சினான். சிரித்தானா, அழுதானா என்று அவள் பார்க்கவில்லை. இருவரும் மாறி மாறி வெட்டினார்கள். குழி நெஞ்சளவு ஆனபோது பொழுது மேற்குச் சரிவில் இருந்தது. லோஹாய் கரையைப் பிடித்துத் தாவி மேலே ஏறினான். தெக்லா ஏறுவதற்குக் கால் பதிய இடம் தேடி, மண்சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அவன் குனிந்து கையை நீட்டினான்.

அவள் தன் கையைத் துணியில் அழுந்தத் துடைத்தாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அவன் கையை மடக்காமல் காத்திருந்தான்.