மேட்டுத்தெருவுக்கு ஒரு எஞ்சின்

“மாமா, சைக்கிளுக்குப் பசிக்காதா?”

அக்கா மகள் ஒரு நாள் இப்படிக் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. தையல் மிஷின் ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

“அதுக்கு எதுக்குப் பசிக்கணும்? அதுக்கும் சேர்த்து உங்கம்மாதானே சாப்பிடுறா.”

“ஆமாண்டா, நான் சாப்பிடறது ஒண்ணுதான் உன் கண்ணுல படும்” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

சிரித்துக்கொண்டே திரும்பியவன், அவள் வலது முழங்காலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். வீங்கிப் போயிருந்த காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா நர்ஸ். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடு தேடிப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது அவள் வேலை. கீழ்த்தெருக்கள் சமதரை. மேட்டுத்தெருவோ பெயருக்கேற்ற தெரு. பஸ் போகாது, நடந்தால் மூச்சு வாங்கும். அங்கே ஐந்து வீடுகள். பதினொரு வருஷமாகச் சைக்கிளில் ஏறி இறங்கிய முழங்கால் இப்போது மாட்டேன் என்கிறது. மேடு மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலதிகாரி அம்மா அதற்கு ஒரு வழி சொன்னார்: திங்கட்கிழமை அக்கா போகவில்லையென்றால் மேட்டுத்தெருவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த ஐந்து பேரும் சுகாதார நிலையத்துக்கு வந்து கட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

“புரண்டு படுக்கவே முடியாதவங்க எப்படிடா வருவாங்க?” என்று தம்பியிடம் கேட்டாள்.

தம்பி தையல் மிஷின் மெக்கானிக். ஊரில் எல்லோரும் அவனை ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போய், புல்வெட்டும் மிஷின் ஒன்றின் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தான். பலாக்காய் அளவுதான் இருந்தது. துடைத்து, பிளக்கைச் சுரண்டி, பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றிக் கயிற்றை இழுத்தான். ஒன்பதாவது இழுப்பில் எஞ்சின் இருமியது. பத்தாவதில் வீடே அதிர்ந்தது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

அவன் போட்ட கணக்கு எளிமையானது. பின்சக்கரத்துக்கு மேலே எஞ்சினை உட்கார வைப்பது. அது சுழற்றும் இரும்பு உருளை டயரை உரசிக்கொண்டிருக்க வேண்டும். உருளை சுற்றினால் டயர் சுற்றும், டயர் சுற்றினால் சைக்கிள் போகும். லேத்துக்காரரிடம் உருளை கடைந்து வாங்கினான். எஞ்சினைத் தாங்க, கட்டில் கால் ஒன்றை அறுத்துச் சட்டம் செய்தான். வேகத்தைக் கூட்டக் கைப்பிடியில் பழைய பிரேக் கம்பியை மாட்டினான். மூன்று நாள் கடையைப் பாதிதான் திறந்தான். ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் உருளை சுற்றியது.

சனிக்கிழமை மாலை சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினான். பின்சக்கரம் தரையைத் தொடாமல் நின்றது. அக்கா வாசல்படியில், குழந்தை அவள் மடியில்.

“தள்ளி இருங்க. கிளம்புச்சுன்னா நிக்காது.”

கயிற்றை இழுத்து வேகத்தைக் கூட்டினான். எஞ்சின் உறுமியது, உருளை சுற்றியது, சக்கரமும் சுற்றியது. கூடவே பெடல்களும் தடதடவென்று சுற்றி அவன் கணுக்காலில் ஒரு போடு போட்டன. செருப்பு ஒன்று பறந்து சாக்கடையில் விழுந்தது.

“மாமா, சைக்கிள் பின்னாடி போகுது” என்றாள் குழந்தை.

“சும்மா இரு.”

“நிஜமா மாமா. அதுக்கு வீட்டுக்குப் போகணுமாம்.”

அணைத்துவிட்டுப் பார்த்தான். அவள் சொன்னது சரி. தையல் மிஷினில் மோட்டாரையும் சக்கரத்தையும் ஒரு பெல்ட் இணைக்கும். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ சக்கரமும் அதே பக்கம் சுற்றும். பதினெட்டு வருஷமாக அவன் கை பழகியது அதுதான். இங்கே பெல்ட் கிடையாது. இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுற்றினால், ஒன்று இப்படிப் போக மற்றது அப்படித்தான் போகும்.

“உன்கிட்ட தைக்கக் குடுத்திருந்தா, முன்பக்கத்தை முதுகுல வச்சிருப்ப” என்றாள் அக்கா. பல நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு செருப்பு போனால் போகட்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

ஞாயிறு காலை எஞ்சினைக் கழற்றி, இடப்பக்கம் இருந்ததை வலப்பக்கமாகத் திருப்பி மாட்டினான். இப்போது புகைக்குழாய் அக்காவின் கால் பக்கம் வந்துவிட்டது. பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி அதற்கு மறைப்புக் கட்டினான். அக்கா ஏறி உட்கார்ந்தாள். இரண்டு மிதி மிதித்துக் கைப்பிடியை முறுக்கினாள்.

சைக்கிள் கிளம்பியது. முன்பக்கமாகத்தான்.

“அம்மாடி” என்றாள், அவ்வளவுதான். காலைத் தூக்கிப் பெடலில் சும்மா வைத்தபடி தெருவைக் கடந்தாள். ஊசி பின்னாலேயே ஓடினான். அவனுக்குப் பின்னால் குழந்தை, குழந்தைக்குப் பின்னால் ஒரு நாய். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. மேட்டின் அடிவாரம் வந்தது. ஏறத் தொடங்கியதும் எஞ்சின் விக்கியது, திணறியது, நின்றது.

மறுபடி முயன்றார்கள். அதே இடம், அதே விக்கல்.

வீட்டுக்குத் தள்ளி வந்து கார்புரேட்டரைப் பிரித்தான். உள்ளே பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் ரப்பர் தாள் காய்ந்த இலைபோல் விறைத்திருந்தது. புதிது செவ்வாய்க்கிழமைதான் வரும் என்று கடைக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார்.

அப்போது ஒருவர் புல்வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டியபடி வேகமாக வந்து வாசலில் நின்றார். விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டுகிறவர். அவரை முகம் தெரியும், பேசிப் பழக்கமில்லை.

“இங்கதான் சத்தம் கேட்டுச்சா? என் மிஷினைத்தான் எவனோ கிளப்பிட்டுப் போறான்னு பதறி ஓடி வந்தேன். பார்த்தா, மிஷின் என் தோள்லயே இருக்கு.”

“உங்க மிஷினோட உடன்பிறப்புண்ணே இது. இப்ப மூச்சு நின்னு கிடக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். அக்காவின் முழங்காலையும் பார்த்தார். எதற்கு இந்த அவசரம் என்று கேட்டார். சொன்னார்கள். அவர் தோளிலிருந்ததை இறக்கி வைத்து, ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தன் மிஷினின் கார்புரேட்டரைத் தானே கழற்றினார்.

“அண்ணே, உங்க பொழைப்பு...”

“நாளைக்கு எனக்கு வேலை இல்ல தம்பி. செவ்வாய்க்கிழமை மைதானத்து சாமான் அறையில குடுத்தா போதும்.”

அரைமணி நேரத்தில் எஞ்சின் பாடியது. அடிவாரத்தில் ஒரு முறை முக்கியது; பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறியது. தெருமுனையில் அக்கா திரும்பிக் கையை ஆட்டினாள். கீழே இரண்டு ஆண்கள், ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல், தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார்கள்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு அக்கா திரும்பினாள். ஐந்து வீடும் முடிந்தது.

“கடைசி வீட்டு அம்மா சத்தத்தைக் கேட்டுட்டு, ஹெலிகாப்டர்லயா வந்தேன்னு கேக்குறாங்கடா. மேட்டுத்தெரு பட்டியல்லயே இருக்கட்டும்னு பதிவேட்டுல மேலதிகாரி அம்மா கையெழுத்தே போட்டுட்டாங்க. அடுத்த முறை வியாழக்கிழமை.”

வியாழனுக்குள் புது ரப்பர் தாள் வந்துவிடும். இரவல் பொருள் ஒரு நாள்கூட அதிகம் நம்மிடம் இருக்க வேண்டாம் என்று நினைத்து, ஊசி அவருடைய கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, ஸ்க்ரூடிரைவரோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடந்தான்.

மைதானத்தில் பாதிப் புல் வெட்டியிருந்தது. மிஷின் வெட்டு அல்ல. ஏற்ற இறக்கமாக, கை அரிவாளால் வெட்டியது. மறுநாள் ஓட்டப்பந்தயம் என்று வேலியில் அறிவிப்பு தொங்கியது. மரத்தடியில் அவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. துணியில் கொஞ்சம் சிவப்பு.

எழுப்பலாமா என்று ஊசி ஒரு கணம் நின்றான். எழுப்பினால் என்ன பேசுவது? வேலை இல்லை என்றீர்களே என்று கேட்டால், அந்த நல்ல மனிதர் பொய் சொன்னவராகத் தலைகுனிய வேண்டியிருக்கும். அது வேண்டாம்.

சாமான் அறை வாசலில் மிஷின் சாய்ந்திருந்தது. சத்தமில்லாமல் கார்புரேட்டரை மாட்டினான். திருகுகளை இறுக்கினான். பக்கத்தில் இருந்த பெட்ரோல் கேனிலிருந்து டேங்கை நிரப்பினான். கயிற்றை மட்டும் இழுக்கவில்லை.

பிறகு மரத்தடியில் கிடந்த அரிவாளை எடுத்தான். மைதானத்தின் ஒரு பக்கச் சுவரோரம் கல்லும் கம்பியுமாகக் கிடந்தது; அந்தப் பக்கத்தில் மிஷினைக் கொண்டுபோக முடியாது, கையால்தான் வெட்டியாக வேண்டும். அங்கே உட்கார்ந்து வெட்டத் தொடங்கினான். சின்னத் திருகுகளைப் பிடித்துப் பழகிய விரல்கள் முதலில் தடுமாறின. வெயில் முதுகைச் சுட்டது. பிடி பிடியாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை சுவரோரம் முழுவதையும் சுத்தமாக்கினான். ஆள் நடமாட்டம் இல்லை. கடவுள் பார்த்திருப்பார், அவர் யாரிடமும் போய்ச் சொல்கிறவர் அல்ல.

மரத்தடியில் துண்டு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அரிவாளைப் புல்லில் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தான். பேன்ட்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, வேலிக் கதவைக் கிறீச்சிடாமல் தூக்கிச் சாத்திவிட்டு வெளியே வந்தான்.