பத்தாவது ஆள்

பூர்ணா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கித் தலைகளை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதேதான்.

என் மகளுக்கு ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை. விடுமுறை நாளில் படுத்துத் தூங்குவாள் என்று பார்த்தால், கூட வேலை செய்பவர்களோடு இரண்டு எரிமலைகளைத் தாண்டி, இருபது கிலோமீட்டர் நடந்து, வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போகிறாளாம். வெந்நீருக்கு அவள் தங்கியிருக்கும் தாகேதாவில் அடுப்பு இல்லையா? கேட்டால் சிரிக்கிறாள்.

இங்கே ரங்கூனில் ஒன்பது பேராகப் பயணம் கிளம்ப யாருக்கும் துணிச்சல் வராது, ஏதாவது ஆபத்து வரும் என்பார்கள். ஆள் ஒன்பதாகிவிட்டால் ஒரு கல்லைப் பைக்குள் போட்டு, அதைப் பத்தாவது ஆளாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் பர்மியர். கோவில் விஷயத்தில் என்னோடு சண்டை போடுவார். கல் விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி.

உடனே கூப்பிட்டேன்.

"கல்லு எடுத்தியாடி?"

"அம்மா, எல்லாரும் நிக்கிறாங்க. சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். எடுக்காம ஒரு அடி வைக்காதே. எனக்குச் சோறு எறங்காது."

"சரி, எடுக்குறேன். போனை வை."

ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. பன்னிரண்டு மணிக்கு அவளோடு வேலை பார்க்கும், ரங்கூனுக்குப் பக்கத்து த்வாண்டேக்காரப் பையன் பழனியப்பன் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, பூர்ணா உங்களுக்கு போன் பண்ணாளா?"

"ஏன், உன்கூடத்தானே இருக்கா?"

"நாங்க எட்டுப் பேரும் கீழ வந்துட்டோம். ஷூ கயிறு அவுந்துருச்சு, நீங்க போங்கன்னா. அப்பறம் பனி மூடிருச்சு, ஆளக் காணோம். மீட்புக்காரங்க மேல போயிருக்காங்க."

கயிறாவது ஒன்றாவது. எல்லோரும் போகட்டும் என்று பின்தங்கியிருக்கிறாள், நான் சொன்ன கல்லைப் பொறுக்க. பழனியப்பனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"கயிறு இல்லப்பா. கல்லு எடுக்க நின்னுருக்கா. காலைல படம் எடுத்த எடத்துலேருந்து தேடச் சொல்லு."

"சொல்றேன் ஆன்ட்டி," என்றான்.

போனில் சார்ஜ் பதினொரு சதவீதம்தான் மிச்சம். கூப்பிட்டால் தீர்ந்துவிடும், கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். அந்த மனுஷர் என்ன செய்தார், பாவம். மலைக்குப் போனது அவள், தனியாக நிற்கவைத்தது நான். என் பிள்ளையை நானே தொலைத்துவிட்டேனே என்று வாய்விட்டு அழுதேன்.

இரண்டரை மணிக்குப் போன் அடித்தது.

"அம்மா, வந்துட்டேன். அழாதே."

"எங்கடி போன?"

"பனில வழி மாறி, புகை வர்ற பக்கம் எறங்கிட்டேன். தரையே சுட்டுச்சும்மா. கால் வேற பிசகிருச்சு. படம் எடுத்த எடத்துக்குக் கீழதான் உக்காந்துருந்தேன், தூக்கிட்டு வந்தாங்க." மூக்கை உறிஞ்சினாள். "நீ சொன்ன கல்லு பையிலயே இருக்கு. அதான் என்னைக் காப்பாத்துச்சு."

பக்கத்தில் வீட்டுக்காரர், பார்த்தாயா என்பதுபோல் தலையாட்டினார். என்னால் ஆட்ட முடியவில்லை.

"இனிமே எங்க வேணாலும் போ பூர்ணா," என்றேன். "எத்தனை பேர் போறீங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதே."