மாதவி ஓட்டிய கார்

சுகுமாறன் பகாவ் டவுன் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் லோரி ஓட்டியவர். அவர் மனைவி மாதவிக்கோ சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. "நான் இருக்கறப்ப ஒனக்கு எதுக்கு லைசன்ஸ்?" என்பார். அவளும் விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலை பசியாறிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்த கோப்பை நழுவியது. வாய் கோணியது, பேச்சு வரவில்லை. ஆம்புலன்ஸில் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு, மூளை ரத்தக்குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். அடைப்பு போய்விட்டது என்று கேட்டதும் மாதவி நின்ற இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆனால் மூன்று நாள் ஆகியும் அவருடைய வலது கை அசையவில்லை. கேட்டதற்கெல்லாம் "ம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

"அடைப்பத்தான் எடுத்தாச்சே டாக்டர், இன்னும் ஏன் இப்படி?"

டாக்டர் சுபா நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பெரிய குழாய்ல ரத்தம் நல்லாத்தான் ஓடுதும்மா. அதுலேர்ந்து பிரியற குட்டிக் குழாய்ங்க தலைமுடியவிட மெல்லிசு. அதுல சிலதுல ரத்தம் இன்னும் சரியா போகல. அதனால மூளையில அந்த இடம் அடிபட்டிருக்கு. கையும் பேச்சும் எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. பயிற்சிய மட்டும் விட்டுடாதீங்க."

வீடு திரும்பியபின், வாரத்தில் மூன்று நாள் சிரம்பான் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பக்கத்து வீட்டு ரவிச்சந்திரன் இரண்டு வாரம் காரில் ஏற்றிப்போனார். பிறகு அவருக்கு வேலை நேரம் மாறிவிட்டது. மாதவி கொட்டகையில் சும்மா கிடந்த தங்கள் பழைய 'கஞ்சில்' சின்னக் காரைப் பார்த்தாள். மறுநாளே பகாவ் போய் ஓட்டுநர் வகுப்பில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது.

வகுப்பு இல்லாத மாலைகளில் சுகுமாறனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தோட்டத்து மண்சாலையில் ஓட்டிப் பழகினாள். கார் விக்கி விக்கிப் போகும். அவர் இடது கையால் கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொள்வார்.

ஒரு மாலை, செம்பனை வரிசைக்குள்ளிருந்து பெரிய உடும்பு ஒன்று சாலைக்கு வந்தது. மாதவிக்குக் கை கால் ஓடவில்லை.

"பிரேக்கு! பிரேக்க மிதி லா!"

மிதித்தாள். கார் குலுங்கி அணைந்தது. உடும்பு அவசரமே இல்லாமல் சாலையைக் கடந்து போயிற்று.

"இப்ப பேசினது நீங்களா?"

அவருக்கே நம்ப முடியவில்லை. உதட்டைக் கூட்டி, மெதுவாகச் சொன்னார்: "கண்ண... எங்க... வச்சிருக்க?"

மாதவி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, கண்ணீர் வழியச் சிரித்தாள். "திட்டுங்க. இன்னும் நல்லா திட்டுங்க!"

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு சொல்லாவது வந்தது, பாதிக்குமேல் திட்டுதான். கேள்விப்பட்ட டாக்டர் சுபா, "பேசப் பேசத்தான் வரும், திட்டட்டும்," என்று சிரித்தார். மாதவி முதல் தேர்வில் மேட்டில் காரைப் பின்னால் உருளவிட்டுத் தோற்றாள். அடுத்ததில் லைசன்ஸ் வாங்கிவிட்டாள்.

அவளே ஓட்டிப்போன முதல் நாள், பயிற்சி முடிந்து கார் வேறு சாலையில் திரும்பியது.

"எங்க போற?" என்றார் சுகுமாறன்.

"போர்ட்டிக்சனுக்கு. கடலப் பாத்து எத்தன வருஷமாச்சு!"

"வீட்டுக்கு... நேரமாயிடும்."

"ஓட்டறது நான்தானே? நீங்க ஜன்னல எறக்குங்க."

அவர் இடது கையால் கண்ணாடியை இறக்கினார். உப்புக்காற்று வருவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மாதவி அதற்குள்ளேயே பாட ஆரம்பித்துவிட்டாள்.