விரிப்பின் மறுமுனை

உருளை இயந்திரத்திலிருந்து விரிப்பு ஆவி பறக்க வெளியே வந்தது. அண்ணி வலப்பக்க முனைகளைப் பிடித்தாள், டிகிரி இடப்பக்கத்தை. ஓர் உதறல், ஓர் இழுப்பு. பிறகு எதிரெதிராக நடந்து வந்தார்கள். அண்ணி நீட்டிய முனைகளை டிகிரி வாங்கிக்கொள்ள, அண்ணி குனிந்து மடிப்பைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி விரிப்புகள் முடிந்தால் லாட்ஜ் விரிப்புகள். 'உதறு' என்றோ 'வா' என்றோ இருவரும் சொல்லிக்கொள்வதே இல்லை.

சலவைக்கூடத்தில் அவளுக்கு டிகிரி என்றுதான் பெயர். வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு அலைந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஓரிடத்தில் அனுபவம் இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில் இந்தப் படிப்பு போதாது என்றார்கள். மருந்துக்கடைக்காரரோ, இவ்வளவு படித்தவள் கடையில் நிலைக்க மாட்டாள் என்று கையை விரித்துவிட்டார். கூடுதலுமாகாமல் குறைச்சலுமாகாமல் அது என்ன படிப்போ! கடைசியில் அண்ணிதான், வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதில் என்னோடு வா என்று கையோடு கூட்டிவந்தாள்.

அதில் அண்ணிக்கும் ஆதாயம் இருந்தது. விரிப்பு மடிக்கும் உலர்பக்கத்தில் ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். ஜோடி உடைந்தால் மிஞ்சியவள் ஈரப்பக்கம் போய், வெளுப்புக் கரைசலில் ஊறிய துணியை வாரிப் போட வேண்டும். டிகிரி வருவதற்கு முன்பு அண்ணி அங்கேதான் கிடந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உப்பைத் தொட்டால் உயிர் போய்விடும். பாத்திரம் கழுவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நிற்பாள். இப்போதுதான் தோல் ஆறி வந்திருந்தது.

அதனால்தான் மேல்படிப்புக்கு இடம் கிடைத்த சேதி வந்ததும் டிகிரி வாயைத் திறக்கவில்லை. கட்டணம் இல்லை, விடுதியும் உண்டு, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அண்ணனோ லாரியோடு எந்த ஊரில் இருக்கிறானோ தெரியாது. அவள் வாய் சொல்லாததை அவள் கை சொல்லிவிட்டது. அன்று காலையிலிருந்து முனையை வாங்க அரை நொடி பிந்திக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் உட்கார வைத்து அண்ணி விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

போகப் போவதில்லை என்று டிகிரி முந்திக்கொண்டாள். அண்ணியின் கையைக் காரணம் சொல்ல மனசு வரவில்லை. வேறொன்றைச் சொன்னாள், அதுவும் பொய்யில்லை.

"வேலை கிடைக்காதவங்க போய் ஒளிஞ்சிக்கிற இடம்தானே அண்ணி அது? ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி இதே கதைதான்."

அண்ணி டப்பாவை மூடினாள். "இப்ப மட்டும் என்னவாம்? இங்க என் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு இருக்கே. நான் எத்தனை நாளைக்கு மறைச்சு நிக்கிறது, சொல்லு?"

டிகிரிக்குச் சுருக்கென்றது. எழுந்து கூடத்துக்குள் போனாள்.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பியவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அண்ணி வீட்டுப் போர்வையின் இரண்டு முனைகளை ஜன்னல் கம்பியில் துணி கிளிப்பால் மாட்டியிருந்தாள். மறுமுனைகளைப் பிடித்து உதறினாள், இழுத்தாள், ஜன்னலை நோக்கி நடந்தாள். நடந்துபோய், பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். வாங்கிக்கொள்ள யாருமில்லை. "ச்சே" என்று தன்னையே திட்டிக்கொண்டு, பின்னால் நடந்து, முதலிலிருந்து தொடங்கினாள். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடியும், மறுபடியும். என்ன பொம்பளை இவள் என்று டிகிரி நினைத்தாள். செருப்புச் சத்தம் கேட்காமல் தெருமுனை வரை போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அன்று சாப்பிடும்போது, திங்கட்கிழமை போகிறேன் என்று சொன்னாள். அண்ணி தலையை மட்டும் ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

வியாழக்கிழமை அண்ணி சூப்பர்வைசரைத் தூணருகே கூப்பிட்டாள். கயிற்றில் இரண்டு கிளிப்பைக் கட்டித் தூணில் தொங்கவிட்டிருந்தாள். ஒருத்தியே மாட்டி, உதறி, மடித்து அடுக்கிக் காட்டினாள். ஒரு முனைகூடக் கோணவில்லை. ஜோடிக்கு ஈடாக வேகம் வரும், தன்னை ஈரப்பக்கம் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்டது. மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்தார்கள். ஒருத்தி விசில்கூட அடித்தாள். சூப்பர்வைசர் இன்னொரு தடவை செய்யச் சொல்லிச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். "பலே" என்றார். டிகிரிக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்று முழுக்க விரிப்புகள் அவள் கையில் பறந்தன.

சனிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். உள்ளே நுழையும்போதே துளைபோடும் மிஷின் சத்தம். எலெக்ட்ரீஷியன் ஏணியில் நின்று ஒவ்வொரு தூணிலும் இரும்புக் கொக்கி பதித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கொக்கியிலும் இரண்டு புதுக் கிளிப். திங்கட்கிழமை முதல் தூணுக்கு ஒருத்தி போதும் என்று சூப்பர்வைசர் சொன்னார். மற்றவர்களில் நாலு பேர் ஈரப்பக்கம், மீதிப் பேர் சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும். அண்ணிக்கு முதல் தூண் என்று அன்பாகவே சொன்னார்.

விசில் அடித்தவள் அண்ணியை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. சூப்பர்வைசரிடம் நேராகப் போனாள். அவரவர் ஜோடியோடு இருக்கட்டும், நான் ஈரப்பக்கம் போகிறேன் என்றாள். அவரோ, மேலிடத்துக்குப் படம் போய்விட்டது, இனி என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"நான் போகல அண்ணி. இங்கயே இருக்கேன்."

"இருந்து? இனிமே நீ இருந்தாலும் நமக்கு ஜோடி கிடையாதுடி." குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "திங்கக்கிழமை நீ காலேஜுக்குப் போ. நான் இவங்களுக்காக மறுபடி அவர்கிட்ட வந்து நிக்கிறேன். மறுநாளும் நிப்பேன்."

உருளை அடுத்த விரிப்பை வெளியே தள்ளியது. அண்ணி வலப்பக்கம் பிடித்தாள், டிகிரி இடப்பக்கம். கூடம் முழுக்க ஜோடிகள் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே மிஷின் அலறியது. தூணிலிருந்து செங்கல் தூள் சலவை செய்த விரிப்புகளின் மேல் சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் கையை விடவில்லை.