மாலை ஆறு மணிக்குத் திரும்பும்

பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டியதும் வலது கைப்பக்கம் ஒரு கரும்பலகை உண்டு. மேலே "பள்ளிச் செய்திகள்" என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதன் கீழே வாரா வாரம் எழுதுகிறவள் ஜெபராணி டீச்சர். பூகோளம் நடத்துகிறவள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லாமல் இருக்குமா? கோயமுத்தூரில் அந்தத் தெருவில் போகிறவர்கள்கூடச் சைக்கிளை நிறுத்தி வாசித்துவிட்டுப் போவார்கள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம். அந்த வாரப் பலகையில் நான்கு செய்திகள். திங்கட்கிழமை கல்வி அதிகாரி வருகிறார், சீருடை துவைத்து அணிந்து வரவும். புதன்கிழமை அம்மை குத்த வருகிறார்கள், யாரும் லீவு போடக்கூடாது. அடுத்த மாதம் ஆண்டு விழா, நாடகத்துக்குப் பெயர் கொடுக்கவும். இந்த மூன்றும் வெள்ளைச் சாக்பீஸில். நான்காவது மட்டும் மஞ்சளும் சிவப்புமாகச் சுற்றிலும் பூ வரைந்து இருந்தது: "சனிக்கிழமை பத்தாம் வகுப்பு மாணவியர் வால்பாறைச் சுற்றுலா. காலை நான்கு மணிக்குப் பஸ் புறப்படும். மாலை ஆறு மணிக்குத் திரும்பும்."

அந்தச் சனிக்கிழமைதான் இன்று. மணி ஏழாகிவிட்டது. பஸ் வரவில்லை.

பலகைக்கு முன்னால் முப்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். அப்பாமார், அம்மாமார், அண்ணன்மார். ஆளாளுக்கு அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு, எழுதியவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபராணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"மழைங்க. மழையில மெதுவாத்தானுங்க ஓட்டுவாங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். பத்தாவது தடவை சொல்லும்போது அவளுக்கே நம்பிக்கை இல்லை.

எல்லோருக்கும் பயம்தான். ஆனால் அவர்களுக்கு ஒரு பயம், இவளுக்கு இரண்டு. இரண்டாவதை வாய்விட்டுச் சொல்ல வழியில்லை.

நடந்தது இதுதான். நாற்பது பிள்ளைகள் சேர்ந்தால்தான் பஸ் என்று பஸ் கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும், கையெழுத்தோ கைநாட்டோ கட்டாயம் என்பது தலைமையாசிரியை ஞானம்மாள் போட்ட சட்டம். வியாழக்கிழமை சாயந்திரம் வரை முப்பத்தொன்பது கடிதங்கள் சேர்ந்திருந்தன. பாக்கி கோமளாவின் கடிதம் ஒன்றுதான். அன்னூர்ப் பக்கத்துப் பிள்ளை, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

"மலை ரோடு வேண்டவே வேண்டாம்னு அப்பா சொல்லிப்போட்டாருங்க டீச்சர்" என்றாள் கோமளா. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

ஜெபராணி என்ன செய்திருக்க வேண்டும்? ஈரத்துணியை எடுத்து நான்காவது செய்தியைத் துடைத்திருக்க வேண்டும். மனசு வரவில்லை. ஊரே வாசித்தாகிவிட்டது, எந்த முகத்தோடு துடைப்பது? "நீ போய்த் துணிமணி எடுத்து வெய்யி கண்ணு, அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று பிள்ளையை அனுப்பிவிட்டு, சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மகளைச் சேர்த்தபோது அப்பா அரங்கசாமி வைத்தது கைநாட்டு. அது போதும் இவளுக்கு. கடிதத்தைத் தானே எழுதி, ஸ்டாம்பு மையில் தன் இடது கட்டைவிரலை ஒற்றி, அடியில் ஒரு அழுத்து அழுத்தினாள். யார் விரல் என்று காகிதம் எழுந்து வந்தா சொல்லப்போகிறது! காலையில் போய்ச் சாயந்திரம் வந்துவிடுவார்கள், அன்னூருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. பூகோள டீச்சர், அவள்தான் பிள்ளைகளோடு போயிருக்க வேண்டும். மலை ரோட்டு வளைவு என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். ஜுரம் என்று பொய் சொல்லி, அருள்செல்வி டீச்சரை ஏற்றி அனுப்பிவிட்டாள்.

ஏழேகால் மணிக்குக் கேட்டருகே ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றார் அரங்கசாமி. சந்தைக்கு வந்தவர், வறுத்த நிலக்கடலையை மகளிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று வந்திருக்கிறார். ஹாஸ்டல் ஆயா முத்தாத்தாளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"கோமளாவுங்களா? அது வால்பாறைக்குப் போயிருக்குதுங்க. பஸ்ஸுதான் இன்னும் வரக் காணமுங்க."

அரங்கசாமி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறை வாசலுக்குப் போனார். ஜெபராணியும் பின்னாலேயே போனாள்.

"ஏனுங்க, நான் வேண்டாம்னு சொன்னேனுங்களே. யாரைக் கேட்டுப்போட்டு என்ற புள்ளைய மலைக்கு ஏத்துனீங்க?"

ஞானம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். "சம்மதம் இல்லாம ஒரு பிள்ளையும் என் பள்ளிக்கூடத்துல பஸ் ஏறாது. பாருங்க" என்று கடிதக் கட்டைப் பிரித்து, ஒன்றை உருவி நீட்டினாள். "இது உங்க கைநாட்டுதானே?"

விளக்கடியில் அதை வைத்துப் பார்த்தார் அரங்கசாமி. எழுத்தைப் பார்த்தார். கைநாட்டைப் பார்த்தார். தன் இடது கட்டைவிரலை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தலையை நிமிர்த்தி நேராக ஜெபராணியைப் பார்த்தார். அவள் பேயறைந்தவள் மாதிரி தூணோடு ஒட்டி நின்றாள். வேறு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, எல்லாம் அவள் முகத்திலேயே இருந்தது. இல்லை என்று இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை இன்றைக்கே போய்விடும். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவும் இரண்டு தங்கைகளும் அவள் கண்ணுக்குள் வந்து போனார்கள். ஏசுவே, ஏசுவே என்று உதடு மட்டும் அசைந்தது.

"ஆமாங்க" என்றார் அரங்கசாமி. "என்றதுதானுங்க. மறந்துபோட்டேனுங்க."

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்டருகே ஒரு கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எட்டு மணிக்கு பஸ் கம்பெனி ஆள் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தான். "பொள்ளாச்சியிலிருந்து போன் வந்துதுங்க. மலையில மண்ணு சரிஞ்சிருக்குதாமுங்க. ஒரு வண்டி பள்ளத்துல எறங்கிருச்சுன்னு சொல்றாங்க. எந்த வண்டின்னு அவங்களுக்கும் தெரியலீங்க."

அவ்வளவுதான். ஒரு தாய் "ஐயோ என்ற கண்ணே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தி ஜெபமாலையை உருட்டினாள். ஞானம்மாள் போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், லைன் கிடைக்கவில்லை.

வேலை போய்விடுமே என்று சற்று முன் நடுங்கியது நினைவில் வந்தபோது ஜெபராணிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. முப்பத்தொன்பது பேர் என்றால் பஸ்ஸே கிளம்பியிருக்காது. தன் கட்டைவிரல் ஒன்று சேர்ந்ததால்தான் நாற்பது பிள்ளைகளும் அந்த மலையில் இருக்கிறார்கள். கோமளா மட்டுமல்ல, நாற்பதும் தன் தலைமேல்தான். ஆண்டவரே, வேலையை எடுத்துக்கொள்ளும், என்னையே எடுத்துக்கொள்ளும், பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் என்று அவள் சத்தமாகவே சொல்லிவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரங்கசாமி மட்டும் பையின் முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார்.

எட்டே முக்காலுக்குத் தெருமுனையில் இரண்டு விளக்குகள் திரும்பின. ஜன்னல் வரைக்கும் சேறு அப்பி, உறுமிக்கொண்டு பஸ் வந்து நின்றது. பள்ளத்தில் இறங்கியது தேயிலை லாரியாம், அதில் வந்த டிரைவர் குதித்துத் தப்பிவிட்டானாம். ரோட்டில் சரிந்த மண்ணை வாரும் வரை இவர்கள் பின்னாலேயே நின்றிருக்கிறார்கள். அருள்செல்வி டீச்சர் படியில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணி இறக்கினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பதாவதாகக் கோமளா இறங்கினாள். அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜெபராணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அரங்கசாமி மகளின் தலையையும் தோளையும் தடவிப் பார்த்தார், அடி கிடி பட்டிருக்கிறதா என்று. பிறகு சொன்னார்.

"போயி உன்ற பெட்டிய எடுத்துட்டு வா கண்ணு. இங்கயே கணபதியில இருக்கற அத்தை ஊட்டுல படுத்துட்டு, விடிஞ்சதும் ஊருக்குப் போயிரலாம். படிச்சது போதும்."

"அப்பா, பரீட்சை..."

"சொன்னதக் கேளு."

பிள்ளை அழுதுகொண்டே ஹாஸ்டலுக்கு ஓடினாள். ஜெபராணி அவரிடம் ஓடினாள். "ஐயா, தப்பு என்ற மேலதானுங்க. புள்ளைய நிறுத்திப்போடாதீங்க. கணக்குல அதுதானுங்க முதல் மார்க்கு."

"டீச்சரம்மா," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "போன பொங்கலுக்கு என்ற புள்ள ஒரு சிலேட்டு வாங்கியாந்து, எனக்குக் கையெழுத்துப் போடப் பழக்கிக் குடுத்துதுங்க. அதுக்கப்புறம் நான் எங்கயும் கைநாட்டு வெச்சதில்லீங்க. இவனுக்கு எங்க எழுதத் தெரியப்போவுதுன்னு நீங்களே முடிவு பண்ணிப்போட்டீங்க."

"அப்புறம் ஏனுங்க உங்களதுன்னு சொன்னீங்க?"

"புள்ள உசுரோட வருதா இல்லியான்னே தெரியல. அந்த நேரத்துல உங்க உத்தியோகத்தக் கெடுத்து எனக்கு என்னங்க ஆவப்போவுது? ஆனா, அப்பன் வேண்டாம்னு சொன்னதுக்குப் பொறவும் பொய் நாட்டு வெச்சு மலையேத்துற எடத்துல என்ற புள்ளைய உடமாட்டேனுங்க. நாளைக்கு எதுக்கு வெப்பீங்களோ."

"நானே போய்ப் பெரிய டீச்சர்கிட்டச் சொல்லிட்டா?" வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது.

"சொல்லுவீங்களா?" என்று கேட்டார் அரங்கசாமி. அதில் கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தகரப் பெட்டியோடு கோமளா வந்து நின்றாள். மூக்கு சிவந்திருந்தது. ஞானம்மாளின் அறை வாசலுக்குப் பத்துப் பதினைந்து எட்டு வைத்தால் போதும். அந்த மலை ரோட்டில் போயிருந்தால்கூட ஜெபராணி இப்படிப் பயந்திருக்க மாட்டாள். எப்படியோ நடந்துவிட்டாள்.

"அம்மா, அந்தக் கோமளா கடுதாசி..."

"எதுவானாலும் திங்கட்கிழமை பேசிக்கலாம் ஜெபராணி" என்றாள் ஞானம்மாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஜுரத்தோட நிக்காதே, வீட்டுக்குப் போ."

போகலாம். கதவு திறந்தேதான் இருந்தது. திங்கட்கிழமைக்குள் கோமளா அன்னூர் போயிருப்பாள், அதற்கப்புறம் எவரும் எதையும் கேட்கப்போவதில்லை. ஜெபராணி ஒரு எட்டு பின்னால் வைத்தும்விட்டாள். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க அம்மா, இப்பவே கேளுங்க. அந்த நாட்டு அவரு வெச்சதில்லீங்க. அவரு வேண்டாம்னுதான் சொன்னாருங்க. நான்தான் என்ற விரல வெச்சேன். எனக்கு ஜுரமும் இல்லீங்க."

ஞானம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், திரும்பவும் மாட்டிக்கொண்டாள். கோபத்தில் அவள் முகம் வெளுத்திருந்தது.

"திங்கட்கிழமை வந்து சாக்பீஸைத் தொடாதே. நேரா என் அறைக்கு வா. உன்னை என்ன செய்யறதுன்னு அப்போ சொல்றேன்."

"வாரேனுங்க" என்றாள் ஜெபராணி. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் அரங்கசாமியின் குரல் கேட்டது.

"பெட்டிய உள்ள கொண்டுபோயி வெய்யி கண்ணு. போயிப் படி."